சானை ஊர் தாண்டி நீட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டோரேஜ் நெட்வொர்க்கை நீட்டுவது என்றால் சரியாக என்ன?

டேட்டா சென்டருக்குள் சர்வர்களும் ஸ்டோரேஜும் ஃபைபர் சேனல் ஸ்விட்ச் வழியாகப் பேசிக்கொள்கின்றன, அந்த ஏற்பாட்டைத்தான் சான் (ஸ்டோரேஜ் ஏரியா நெட்வொர்க்) என்கிறோம். ஒரு ரேக்கிலிருந்து அடுத்த ரேக், மிஞ்சிப்போனால் அடுத்த மாடி, சாதாரணமாக அது அவ்வளவு தூரம்தான் போகும். அதையே 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இன்னொரு டேட்டா சென்டருக்கோ வேறு மாநிலத்துக்கோ கொண்டுபோய், இரண்டு பக்க ஸ்டோரேஜும் ஒன்றின் நகலை மற்றொன்று வைத்திருக்கும்படி செய்தால் அதுதான் நீட்டுவது. பெரும்பாலும் டிஆர் சைட்டுக்காக, அதாவது பிரதான இடம் பேரிடரில் போனால் வேலையைத் தொடர வைத்திருக்கும் மாற்று இடத்துக்காகச் செய்வார்கள். டேப் பேக்கப்பைத் தொலைவில் வைக்க, டேட்டா சென்டரையே இடம் மாற்ற, இரண்டு இடத்திலும் ஒரே கிளஸ்டரை (ஒன்றாகச் சேர்ந்து ஓடும் சர்வர் கூட்டத்தை) ஓட்ட என்று வேறு தேவைகளும் உண்டு.

இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஸ்விட்ச்சால் குழாயை, அதாவது இரண்டு இடத்துக்கும் நடுவிலுள்ள லிங்க்கை, நிரப்ப முடியும், குழாயின் நீளத்தைக் குறைக்க முடியாது. இதைப் புரிந்துகொள்ளாமல் பெட்டி வாங்கிய பிறகு "ஏன் இவ்வளவு ஸ்லோ" என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

எவ்வளவு தூரம் வரை போகலாம்?

"இந்த ஸ்விட்ச் எத்தனை கிலோமீட்டர் போகும்" என்று வெண்டரிடம் கேட்பதில் பயன் குறைவு. உங்கள் அப்ளிகேஷன் எத்தனை மில்லிசெகண்ட் பொறுக்கும் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும்.

கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு கிலோமீட்டர் போக ஏறத்தாழ 5 மைக்ரோசெகண்ட் ஆகும். போய்த் திரும்ப 10. ஆக 100 கிலோமீட்டருக்கு ஒரு முறை போய்வர 1 மில்லிசெகண்ட். இதை எந்தக் கம்பெனியாலும் மாற்ற முடியாது. அப்புறம் இன்னொன்று, ஃபைபர் சேனலில் ஒரு சாதாரண ரைட்டுக்கு (எழுதும் வேலைக்கு) இரண்டு முறை போய்வர வேண்டியிருக்கிறது. முதலில் "எழுதப் போகிறேன்" என்ற கமாண்ட் போகிறது, அந்தப் பக்கம் "தயார், அனுப்பு" என்று பதில் வருகிறது, பிறகு டேட்டா போகிறது, கடைசியில் "எழுதியாயிற்று" என்று வருகிறது. அப்படியென்றால் 100 கிலோமீட்டரில் ஒரு ரைட்டுக்கு 2 மில்லிசெகண்ட் கூடுதல்.

2 மில்லிசெகண்ட் சின்னதாகத் தெரியும். ஆனால் இன்றைய ஃபிளாஷ் ஸ்டோரேஜில் உள்ளூர் ரைட் 0.3 மில்லிசெகண்டில் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோமீட்டர் தள்ளி சிங்க்ரனஸ் நகல் வைத்தால் 1.2 சேர்ந்து 1.5 ஆகிறது. டேட்டாபேஸின் லாக் ரைட்டர் போல ஒன்று முடிந்த பிறகே அடுத்தது என்று எழுதும் வேலையில், நொடிக்கு 3,300 என்று ஓடியது 660 என்று இறங்கிவிடும். அதே ஸ்டோரேஜ், அதே சர்வர். தூரம் மட்டும்தான் புதிது.

ரோட்டு வழியாக 40 கிலோமீட்டர்தான். அப்படியென்றால் 40 என்று கணக்குப் போடலாமா?

கூடாது. ஃபைபர் நேர்கோட்டில் போவதில்லை. எக்ஸ்சேஞ்சுகளைத் தொட்டு, பாலம் தேடி, ரயில் பாதையை ஒட்டி என்று எப்படியெல்லாமோ சுற்றிப் போகும். மேப்பில் 40 என்று தெரிவது ஃபைபரில் 65 ஆக இருக்கலாம். டெலிகாம் நிறுவனத்திடம் ஓடிடிஆர் (ஒளியை அனுப்பி ஃபைபரை அளக்கும் கருவி) அளவு கேளுங்கள், அதில் வருவதுதான் உண்மையான நீளம். நடுவில் டிடபிள்யூடிஎம் கருவிகள் (ஒரே ஃபைபரில் பல நிற ஒளிகளை அனுப்புபவை) இருந்தால் பிழைதிருத்தத்துக்காக அவையும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். பழைய பாணி அமைப்புகளில் ஒளி சிதறலைச் சரிசெய்ய ஒரு பெட்டிக்குள் தனி ஃபைபர் சுருள் வைத்திருப்பார்கள். 80 கிலோமீட்டர் பாதைக்கு அந்தச் சுருளே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். யாரும் சொல்ல மாட்டார்கள், லேட்டன்சியில் (தாமதத்தில்) மட்டும் அது வந்து நிற்கும்.

சிங்க்ரனஸா, ஏசிங்க்ரனஸா?

சிங்க்ரனஸ் என்றால் தொலைவில் எழுதி முடிந்த பிறகே அப்ளிகேஷனுக்கு "சரி" சொல்வது. டேட்டா ஒரு துளியும் தொலையாது, ஆனால் தூரத்துக்கான விலையை ஒவ்வொரு ரைட்டும் கொடுக்கும். ஏசிங்க்ரனஸ் என்றால் இங்கே எழுதியதும் "சரி" சொல்லிவிட்டு, பின்னால் அனுப்புவது. வேகம் குறையாது, ஆனால் இந்தப் பக்கம் எரிந்துபோனால் கடைசிச் சில நொடிகளோ நிமிடங்களோ கையில் இருக்காது.

நடைமுறையில் 100 கிலோமீட்டர் வரை சிங்க்ரனஸ், அதற்கு மேல் ஏசிங்க்ரனஸ் என்று பலரும் வைத்துக்கொள்கிறார்கள். சில ஸ்டோரேஜ்கள் 300 கிலோமீட்டர் வரை சிங்க்ரனஸை அனுமதிக்கின்றன. அனுமதிக்கின்றன என்பதற்காக உங்கள் டேட்டாபேஸ் அதைத் தாங்கும் என்று அர்த்தமில்லை.

இந்தியப் பங்குச் சந்தைகளைப் பாருங்கள், இரண்டுமே வேண்டும் என்பதற்கு நல்ல உதாரணம். சந்தைகளைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி அவர்களுக்கு மூன்று இடம் தேவை. பிரதான டேட்டா சென்டர் ஒன்று, டேட்டா இழப்பே இல்லாமல் இருக்க அருகில் ஒரு நியர் சைட், அப்புறம் வேறு நிலநடுக்க மண்டலத்தில் ஒரு டிஆர் சைட். வேறு மண்டலம் முடியாவிட்டால் குறைந்தது 500 கிலோமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். தேசியப் பங்குச் சந்தையின் டிஆர் சென்னையில் இருக்கிறது. மும்பைக்குள் அருகருகே சிங்க்ரனஸ் வைக்கலாம். மும்பைக்கும் சென்னைக்கும் நடுவே வைக்க முடியாது, ஃபைபர் 1,300 கிலோமீட்டர் என்றால் ஒளிக்கே 13 மில்லிசெகண்ட் வேண்டும். அங்கே ஏசிங்க்ரனஸ்தான் வழி.

பஃபர் கிரெடிட் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

நீண்ட தூரச் சானில் எதையாவது ஒன்றை மட்டும் ஒழுங்காகப் புரிந்துகொள்ள நேரமிருக்கிறது என்றால் இதைப் புரிந்துகொள்ளுங்கள்.

ஈதர்நெட்டில் இடமில்லையென்றால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம், அதற்கு மேல் ஓடும் டிசிபி என்ற நெறிமுறை மறுபடி அனுப்பிக்கொள்ளும். ஃபைபர் சேனல் அப்படிப் போடக்கூடாது என்ற எண்ணத்தில் கட்டப்பட்டது. அதனால் எதிர்ப்பக்கத்தில் இடம் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால்தான் ஒரு ஃபிரேமை (டேட்டாப் பொட்டலத்தை) அனுப்பும். லிங்க் ஏறும்போதே எதிர்ப்பக்கப் போர்ட் "என்னிடம் இத்தனை பஃபர் இருக்கிறது" என்று சொல்லிவிடும். அந்த எண்தான் கிரெடிட். ஒரு ஃபிரேம் அனுப்பினால் ஒன்று குறையும். அந்தப் பக்கம் ஃபிரேமை எடுத்துப் பஃபரைக் காலி செய்ததும் ஆர்-ரெடி என்ற சின்ன சிக்னல் திரும்பி வரும், ஒன்று கூடும். பூஜ்யம் ஆகிவிட்டால் நிற்க வேண்டியதுதான்.

டீக்கடையில் எட்டு கிளாஸ் மட்டும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கடைக்கு டீ கொடுத்தால் கிளாஸ் உடனே திரும்பிவிடும், வியாபாரம் நிற்காது. ஊர்க் கோடியில் இருக்கும் ஆபீஸுக்கு எட்டையும் அனுப்பிவிட்டால், பாய்லர் நிறைய டீ இருந்தும் கிளாஸ் திரும்பி வரும்வரை கடை சும்மா நிற்கும். டீயின் அளவோ போகிற பையனின் வேகமோ இங்கே பிரச்சினை இல்லை, கிளாஸ் போதவில்லை.

இதை எண்ணில் பார்த்தால் பகீரென்று இருக்கும். 8ஜி லிங்க் (8 ஜிகாபிட் வேகம், மொபைல் 4ஜி போன்றது இல்லை), 100 கிலோமீட்டர், 8 கிரெடிட். ஒரு ஃபிரேமில் அதிகபட்சம் 2,112 பைட் டேட்டா. 1 மில்லிசெகண்டுக்கு 8 ஃபிரேம்தான் போகும். அதாவது நொடிக்கு ஏறத்தாழ 17 எம்பி. லிங்க்கின் திறனோ 800 எம்பி. நூற்றில் இரண்டு பங்கு மட்டும் பயன்படுகிறது, லிங்க் பச்சை விளக்கோடு நலமாக இருப்பதாகக் காட்டும், எரர் கவுண்டர் எல்லாம் பூஜ்யம். இப்படிப்பட்ட லிங்க்குக்காக டெலிகாம் நிறுவனத்தோடு மாதக்கணக்கில் சண்டை போடுகிறார்கள்.

அப்படியென்றால் எத்தனை கிரெடிட் வேண்டும்?

முழு அளவு ஃபிரேம்கள் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோமீட்டருக்கு 2ஜியில் 1, 4ஜியில் 2, 8ஜியில் 4, 16ஜியில் 8, 32ஜியில் 16. வேகம் இரட்டித்தால் கிரெடிட்டும் இரட்டிக்கும், ஏனென்றால் வேகம் கூடக்கூட ஒரு ஃபிரேம் இழையில் அடைத்துக்கொள்ளும் நீளம் குறைகிறது. 1ஜியில் ஒரு முழு ஃபிரேம் 4 கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும், 8ஜியில் அரைக் கிலோமீட்டர்தான். 100 கிலோமீட்டர் 8ஜிக்கு 400, 16ஜிக்கு 800.

ஆனால் உங்கள் ஃபிரேம்கள் எல்லாம் முழு அளவில் இருக்காது. கமாண்டும் பதிலும் சின்னச் சின்ன ஃபிரேம்கள், அவையும் ஆளுக்கொரு கிரெடிட்டைப் பிடித்துக்கொள்ளும். சராசரி ஃபிரேம் 1,000 பைட் அளவில் இருந்தால் மேலே சொன்ன எண்ணை இரட்டிக்க வேண்டும். ஸ்விட்ச்சின் போர்ட் கவுண்டரில் மொத்த பைட்டை மொத்த ஃபிரேமால் வகுத்தால் சராசரி கிடைத்துவிடும், ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் வெறும் கிலோமீட்டர் கணக்கை நம்பாதீர்கள்.

இன்னொரு விஷயம், கிரெடிட் கொடுப்பது வாங்கும் பக்கம். இந்தப் பக்க ஸ்விட்ச்சில் நீங்கள் கூட்டி வைத்தால் அந்தப் பக்கத்திலிருந்து வரும் போக்குதான் வேகமாகும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமைக்க வேண்டும்.

எல்லாப் போர்ட்டுக்கும் ஆயிரம் ஆயிரமாகக் கொடுத்துவிட்டால் என்ன?

அவ்வளவு இருக்காது. பஃபர் என்பது சிப்புக்குள் இருக்கும் நினைவகம், ஒரு சிப்பில் உள்ள போர்ட்டுகள் எல்லாம் அதைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. உதாரணமாக ப்ரோகேட் நிறுவனத்தின் 6510 என்ற 48 போர்ட் 16ஜி ஸ்விட்ச்சில் மொத்தம் 8,192 பஃபர். நீண்ட தூர லிங்க் இரண்டு போட்டு ஆளுக்கு 1,600 கொடுத்தாலே மீதிப் போர்ட்டுகளுக்கான கையிருப்பு ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்துவிடும். சில கருவிகளில் போர்ட்டுகள் சின்னச் சின்னக் குழுக்களாக இருக்கும், ஒரு குழுவுக்குள்தான் பங்கு. அங்கே நீண்ட தூர லிங்க்குகளை வேறு வேறு குழுவில் வைக்க வேண்டும்.

ப்ரோகேடில் இதற்கு எல்டி, எல்எஸ் என்று இரண்டு முறை உண்டு. எல்டி தானே தூரத்தை அளந்து ஒதுக்கும், எல்எஸ்ஸில் தூரத்தை நாம் சொல்ல வேண்டும். 10 கிலோமீட்டருக்குள் என்றால் எல்ஈ என்ற முறையே போதும். எல்டி, எல்எஸ் இரண்டுக்கும் எக்ஸ்டெண்டட் ஃபேப்ரிக்ஸ் லைசென்ஸ் வேண்டும், கொள்முதல் பட்டியலில் அது விடுபட்டுப்போவது சகஜம். நான் எல்எஸ்ஸைத்தான் விரும்புவேன், காரணம் கீழே பாதை மாறுவது பற்றிய பதிலில் இருக்கிறது.

டார்க் ஃபைபர், சிடபிள்யூடிஎம், டிடபிள்யூடிஎம்: எதை எடுப்பது?

10 கிலோமீட்டருக்குள் டார்க் ஃபைபர் (கருவி எதுவும் மாட்டாத வெறும் ஃபைபர்) கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், 1310 நானோமீட்டர் லாங்வேவ் எஸ்எஃப்பியை (ஸ்விட்ச் போர்ட்டில் மாட்டும் ஒளி மாட்யூலை) நேராகச் செருகிவிடலாம். அதற்கு மேல் 1550 பக்கம் போக வேண்டும், அங்கே இழப்பு கிலோமீட்டருக்கு 0.2 முதல் 0.25 டெசிபல்தான்.

ஒரே ஜோடி ஃபைபரில் பல லிங்க் ஓட்ட வேண்டுமானால் சிடபிள்யூடிஎம், டிடபிள்யூடிஎம். சிடபிள்யூடிஎம் மலிவு, நிறங்களுக்கு இடையே 20 நானோமீட்டர் இடைவெளி, அதிகபட்சம் 18 நிறம். நடுவில் ஒளியைப் பெருக்க வசதியில்லாததால் 80 கிலோமீட்டரைத் தாண்டுவது கஷ்டம், வேகம் கூடினால் அதுவும் குறையும். டிடபிள்யூடிஎம் விலை அதிகம், ஆனால் நெருக்கமான நிறங்கள், ஆம்ப்ளிஃபயர் வைத்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகலாம். பெரும்பாலான நகரங்களில் டெலிகாம் நிறுவனமே டிடபிள்யூடிஎம் வைத்து ஒரு நிறத்தை உங்களுக்கு வாடகைக்குக் கொடுக்கும். அப்படி வாங்கும்போது "இதில் 16ஜி ஃபைபர் சேனல் நேராக ஏறுமா" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், 10ஜி ஈதர்நெட் ஏறும் என்பதால் இதுவும் ஏறும் என்று நினைக்க வேண்டாம்.

80 கிலோமீட்டருக்கான எஸ்எஃப்பியை லேபில் சோதிக்கிறேன் என்று ஒரு மீட்டர் பேட்ச் கார்டில் மாட்டாதீர்கள். ஒளி அதிகமாகி ரிசீவர் கெட்டுவிடும். நடுவில் ஒளியைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் போடுங்கள்.

நடுவில் டபிள்யூடிஎம் பெட்டி இருந்தால் ஸ்விட்ச்சில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

பெட்டி ஒளியை மட்டும் கையாண்டால் ஒன்றும் வேண்டாம். ஃபைபர் சேனலைப் புரிந்துகொண்டு நடுவில் தலையிடும் வகையாக இருந்தால் வேண்டும். ப்ரோகேட் ஸ்விட்ச்சுகள் தங்களுக்குள் சாதாரண ஆர்-ரெடிக்குப் பதில் விசி-ரெடி என்ற சொந்த சிக்னலைப் பயன்படுத்தும், சில கருவிகளுக்கு அது புரியாது, அப்போது ஆர்-ரெடி முறைக்கு மாற்ற வேண்டும். 8ஜியில் ஃபிரேம் இல்லாத நேரத்தில் இட்டு நிரப்பும் ஃபில்வேர்ட் "ஐடில்" வகையா, "ஆர்ப்" வகையா என்பதும் இதே மாதிரித்தான். லிங்க் ஏறாமல் அடம்பிடித்தால் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் இவை.

டெலிகாம்காரர்கள் "ஒரு பாதை போனால் 50 மில்லிசெகண்டில் இன்னொன்றுக்கு மாற்றிவிடுவோம்" என்கிறார்களே, நல்லதுதானே?

ஈதர்நெட்டுக்கு நல்லது. சானுக்கு இதை யோசித்துத்தான் ஏற்க வேண்டும்.

முதல் சிக்கல் நீளம். வழக்கமான பாதை 40 கிலோமீட்டர், மாற்றுப் பாதை ஊரைச் சுற்றி 90 என்று வைத்துக்கொள்வோம். கிரெடிட்டை 40க்கு அமைத்திருந்தால், பாதை மாறிய அன்று லிங்க் இருக்கும், வேகம் பாதிக்குக் கீழே போய்விடும். எல்டி முறை லிங்க் ஏறும்போது அளந்ததையே வைத்திருக்கும். அதனால்தான் எல்எஸ்ஸில் நீளமான பாதையின் தூரத்தைப் போட்டுவிடுங்கள் என்கிறேன். சிங்க்ரனஸ் லேட்டன்சிக் கணக்கையும் அந்த 90க்கே போட வேண்டும்.

இரண்டாவது டிரங்கிங். பல லிங்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஃபிரேம் ஃபிரேமாகப் பங்கிடும் டிரங்க்குக்குக் கேபிள் நீளங்கள் கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும், ப்ரோகேட் 30 மீட்டருக்குள் வித்தியாசம் இருக்கட்டும் என்கிறது. ஒரு லிங்க் மட்டும் வேறு பாதைக்கு மாறினால் டிரங்க் உடையும். வேறு வேறு பாதை என்றால் எக்ஸ்சேஞ்ச் (கமாண்டில் தொடங்கி கடைசிப் பதில்வரை உள்ள ஒரு முழு உரையாடல்) அடிப்படையில் பங்கிடுவதே பொருத்தம்.

எனக்குப் பிடித்த அமைப்பு இது: ஏ ஃபேப்ரிக் (ஃபேப்ரிக் என்பது ஒன்றாக இணைந்த ஸ்விட்ச்சுகளின் தொகுதி) ஒரு பாதையில், பி ஃபேப்ரிக் வேறு பாதையில், வேறு நிறுவனத்தில், டெலிகாம்காரர்கள் செய்யும் பாதை மாற்றம் ஏதுமில்லாமல். பாதை போனால் அது போனதாகவே தெரியட்டும், சர்வரில் இருக்கும் மல்டிபாத் மென்பொருள் மற்றப் பாதைக்கு மாறிப் பார்த்துக்கொள்ளும்.

100 கிலோமீட்டரை ரொம்பத் தாண்டினால்?

அங்கே எஃப்சிஐபி. ஃபைபர் சேனல் ஃபிரேமை டிசிபி/ஐபிக்குள் வைத்து சாதாரண வேன் (WAN, ஊர்களை இணைக்கும் நெட்வொர்க்) வழியே அனுப்புவது, ஆர்எஃப்சி 3821 என்ற இணையத் தரநிலையாக 2004இல் வந்தது. இதற்கென்றே பெட்டிகள் உண்டு, ப்ரோகேட் 7810, 7840, சிஸ்கோ எம்டிஎஸ் 9250ஐ, 9220ஐ போல. ஐஎஃப்சிபி என்று இன்னொன்றும் அந்தக் காலத்தில் வந்தது, இன்று அதைத் தேடிப் போக வேண்டாம்.

இங்கே கிரெடிட் வேலையை டிசிபி விண்டோ செய்கிறது. தத்துவம் அதேதான், பதில் வராமல் எவ்வளவு அனுப்பலாம் என்ற வரம்பு. 1 ஜிபிபிஎஸ், 20 மில்லிசெகண்ட் என்றால் இழையில் எந்நேரமும் 2.5 எம்பி பயணத்தில் இருக்க வேண்டும். பழைய 64 கேபி விண்டோவில் நொடிக்கு 3 எம்பியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். எஃப்சிஐபி பெட்டிகள் பெரிய விண்டோவோடுதான் வருகின்றன, ஆனால் ரவுண்ட் ட்ரிப் நேரத்தையும் குறைந்தபட்ச, அதிகபட்ச வேகத்தையும் நீங்கள் சரியாகச் சொல்ல வேண்டும். அதிகபட்சத்தை வாங்கிய பேண்ட்வித்துக்கு மேலே வைத்தால் நீங்களே பாக்கெட்டை இழக்க வைக்கிறீர்கள்.

பாக்கெட் லாஸ் 0.01 சதவீதம்தான் இருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். சாதாரண டிசிபியின் வேகம் லாஸின் வர்க்கமூலத்துக்கும் ரவுண்ட் ட்ரிப் நேரத்துக்கும் எதிர்விகிதத்தில் குறையும். 20 மில்லிசெகண்டில், பத்தாயிரத்தில் ஒரு பாக்கெட் போனாலே, 1,460 பைட் செக்மெண்டுடன் ஒரு இணைப்பு நொடிக்கு 9 எம்பி அளவில் முட்டிக்கொள்ளும். எஃப்சிஐபி கருவிகளின் டிசிபி இதைவிடச் சாமர்த்தியமானது, பல இணைப்புகளை இணையாக ஓட்டும், ஆனாலும் லாஸ் இருக்கும் வேனில் ரெப்ளிகேஷன் (நகல் அனுப்பும் வேலை) ஓட்டுவது எப்போதும் தலைவலிதான். மற்ற ஆபீஸ் டிராஃபிக்கோடு கலந்தால் இதற்கு முன்னுரிமை ஒதுக்கும் கியூஓஎஸ் கட்டாயம்.

ஃபாஸ்ட் ரைட், ரைட் ஆக்ஸிலரேஷன் எல்லாம் தூரத்தைக் குறைக்குமா?

குறைக்காது. ஒரு பயணத்தை மிச்சப்படுத்தும். இந்தப் பக்கப் பெட்டியே "தயார், அனுப்பு" என்று உடனே பதில் சொல்லி டேட்டாவை வாங்கிக் கமாண்டோடு சேர்த்து அனுப்பிவிடும், இரண்டு போய்வருதல் ஒன்றாகும். "எழுதியாயிற்று" என்ற கடைசிப் பதிலை மட்டும் அது போலியாகச் சொல்லாது, அதனால் டேட்டா பாதுகாப்புக் கெடாது. பல ஸ்டோரேஜ்கள் தங்கள் ரெப்ளிகேஷனில் ஏற்கெனவே ஒரே பயணமாகச் செய்துவிடுகின்றன, அப்படியென்றால் இந்த வசதிக்குத் தனியாகக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை. வெண்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். டேப்புக்கு வேறு கதை, டேப் பைப்லைனிங் (தொலைவிலிருந்து பதில் வரக் காத்திராமல் அடுத்தடுத்து அனுப்புவது) இல்லாமல் நீண்ட தூர டேப் பேக்கப் ஊர்ந்துதான் போகும்.

இரண்டு ஊர் ஸ்விட்ச்சுகளையும் ஒரே ஃபேப்ரிக்காகச் சேர்த்துவிடலாமா?

முடியும், ஆனால் வேண்டாம் என்பது என் கருத்து. ஒரே ஃபேப்ரிக் என்றால் டொமைன் ஐடி (ஸ்விட்ச்சின் எண்) மோதல், ஜோன் (யார் யாரைப் பார்க்கலாம் என்ற பட்டியல்) மோதல் எல்லாம் இரண்டு ஊருக்கும் பொது. வேன் லிங்க் விட்டு விட்டு வந்தால் ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் ஃபேப்ரிக் மறுபடி அமையும், மாற்றச் செய்தி எல்லா சர்வருக்கும் பரவும். சென்னையில் ஒரு லிங்க் துடித்தால் மும்பையில் பிரொடக்ஷன் சர்வர் ஏன் தும்ம வேண்டும்? ப்ரோகேடில் எஃப்சி ரூட்டிங், சிஸ்கோவில் ஐவிஆர் இதற்காகத்தான் இருக்கின்றன. ஃபேப்ரிக்குகள் தனித்தனியாக இருக்கும், ரெப்ளிகேஷன் போர்ட்டுகள் மட்டும் ஒன்றையொன்று பார்க்கும்.

லிங்க் முழுசாகப் போனால் சரி, பாதி கெட்டால்?

இதுதான் மோசமானது. ஃபைபர் சேனலில் தொலைந்த ஃபிரேமை ஸ்விட்ச் மறுபடி அனுப்பாது. ஒரு ஃபிரேம் போனால் சர்வரின் டைம்அவுட் முடியும்வரை அந்த ஐஓ (படிக்கும் அல்லது எழுதும் வேலை) தொங்கும், லினக்ஸில் அது வழக்கமாக 30 நொடி. லிங்க் செத்துவிட்டால் மல்டிபாத் உடனே விலகிக்கொள்ளும், செத்தும் சாகாமலும் இருந்தால் ஒவ்வொரு ஐஓவும் அதில் போய் மாட்டிக்கொண்டே இருக்கும். எத்தனை எரர் வந்தால் போர்ட்டை ஸ்விட்ச்சே அணைத்துவிட வேண்டும் என்று போர்ட் ஃபென்சிங் வரம்பு வைப்பது இதற்காகத்தான்.

2021 பிப்ரவரி 24இல் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். இரண்டு டெலிகாம் நிறுவனங்களின் லிங்க்குகளும் நிலைகுலைய, தேசியப் பங்குச் சந்தையில் பிரதான சான் சர்வர்களுக்கு எட்டாமல் போனது, அதன் தீர்வு நிறுவனமான என்எஸ்இ கிளியரிங்கின் ரிஸ்க் மேனேஜ்மெண்ட் நின்றது. காலை 11.40க்கு வர்த்தகத்தை நிறுத்தினார்கள், பிற்பகல் 3.45க்குத் தொடங்கி மாலை 5 வரை நடத்தினார்கள். லிங்க் என்பது நகல் எடுக்கத்தானே, அது போனால் பிரதானம் ஏன் போக வேண்டும் என்று அன்று பலர் கேட்டார்கள். நீட்டப்பட்ட சானில் இரண்டும் பின்னிக்கிடக்கின்றன என்பதுதான் பதில்.

லிங்க் போனால் தொடர்ந்து எழுத வேண்டுமா, நகல் இல்லாமல் எழுதவே கூடாதா என்பது ஸ்டோரேஜில் நீங்கள் வைக்கும் அமைப்பு. எஸ்ஆர்டிஎஃப் என்ற ரெப்ளிகேஷன் மென்பொருளில் டாமினோ, ட்ரூகாப்பி என்பதில் ஃபென்ஸ் லெவல் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதை யார் முடிவு செய்தார்கள், வியாபாரப் பக்கத்துக்குத் தெரியுமா என்று இன்றே பாருங்கள். கிளஸ்டர் என்றால் எந்தப் பக்கம் தொடர்ந்து ஓட வேண்டும் என்பதற்குச் சாட்சியாக இருக்கும் விட்னஸ் மூன்றாவது இடத்தில், வேறு பாதையில் இருக்க வேண்டும்.

கம்ப்ரஷன், என்கிரிப்ஷன்?

என்கிரிப்ஷனை வைத்துவிடுங்கள், ஃபைபர் உங்கள் வளாகத்தைத் தாண்டிப் போகிறது. கம்ப்ரஷன் டேட்டாவைப் பொறுத்தது. ஸ்டோரேஜிலேயே சுருக்கியோ என்கிரிப்ட் செய்தோ அனுப்பினால் வேனில் மறுபடி சுருங்காது. "4:1 கிடைக்கும்" என்ற பேச்சை நம்பிப் பேண்ட்வித்தைக் குறைத்து வாங்காதீர்கள்.

ஸ்விட்ச்சில் எதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்?

கிரெடிட் பூஜ்யமாக இருந்த நேரம். ப்ரோகேடில் டிம்-டிஎக்ஸ்-கிரெடிட்-இசட் கவுண்டர், சிஸ்கோவில் டிஎக்ஸ்-வெயிட், இரண்டும் 2.5 மைக்ரோசெகண்ட் அலகில் எண்ணும். அது வேகமாக ஏறினால் கிரெடிட் போதவில்லை, அல்லது அந்தப் பக்கம் ஏதோ ஒரு ஸ்டோரேஜ் போர்ட் மெதுவாக வாங்குகிறது. இரண்டையும் பிரித்தறிய எதிர்ப்பக்க ஸ்விட்ச்சையும் பார்க்க வேண்டும். சிஆர்சி எரர் (கெட்டு வந்த ஃபிரேம்களின் எண்ணிக்கை), எஸ்எஃப்பிக்கு வரும் ஒளியின் அளவு, இரண்டையும் வாரந்தோறும் குறித்து வையுங்கள். ஒளி மெதுவாக இறங்கிக்கொண்டே வந்தால் எங்கோ ஃபைபரில் ஸ்ப்ளைஸ் (ஒட்டுப் போட்ட இடம்) கெடுகிறது என்று அர்த்தம். ஆர்-ரெடி சிக்னலே வழியில் தொலைந்தால் கிரெடிட் நிரந்தரமாகக் குறைந்துகொண்டே போகும், அதை மீட்கும் கிரெடிட் ரெகவரி வசதி இரண்டு பக்கமும் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள்.

லைவ் போவதற்கு முன் என்ன சோதனை?

வேகச் சோதனை எல்லோரும் செய்வார்கள். நீங்கள் ஓடும் லோடில் ஃபைபரை உருவிப் பாருங்கள், ஏ பக்கம், பிறகு பி பக்கம், பிறகு இரண்டும். அப்புறம் உருவாமல் கெடுங்கள். சரிசெய்யும் அட்டென்யுவேட்டர் வைத்து ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, எரர் வரத் தொடங்கும்போது டேட்டாபேஸ் என்ன செய்கிறது, எத்தனை நொடி தொங்குகிறது, போர்ட் ஃபென்சிங் எப்போது வேலை செய்கிறது என்று பாருங்கள். எஃப்சிஐபி என்றால் வேன் எமுலேட்டரில் லாஸையும் தாமதத்தையும் ஏற்றிப் பாருங்கள். லிங்க் திரும்பி வந்ததும் விட்டுப்போனதை எல்லாம் அனுப்பும் ரீசிங்க் எவ்வளவு நேரம் எடுக்கிறது, அந்த நேரத்தில் பிரொடக்ஷன் மெதுவாகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ரீசிங்க் நடுவில் பிரதான இடம் போனால் அந்தப் பக்க நகல் பாதி புதிது, பாதி பழையது, அது பயன்படாது. அதனால் ரீசிங்க்குக்கு முன் தொலைவில் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டேட்டாவின் உறைந்த நகல்) தானாக எடுக்கும்படி அமைத்துவிட்டு, அது உண்மையில் எடுக்கிறதா என்று இதே சோதனையில் பார்த்துவிடுங்கள்.